செம்மொழி ஆப்

செம்மொழியைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரும்படி ஜெக்கரியா சார் என்னிடம்தான் கேட்டார். பூதலூரைச் சுற்றியுள்ள ஊர்களின் விவசாயிகள் சேர்ந்து நடத்தும் உழவர் கம்பெனிக்கு அவர் மேனேஜர். கம்பெனியின் ஆண்டு மலரில் போடுவதற்காம். "நீங்கதான் அவங்களோட ஒண்ணாப் படிச்சவங்க வானதி, நல்லா எழுதுவீங்க" என்றார். ஊரில் இத்தனை பேர் இருக்க, அவளைக் கண்டாலே வயிறு எரிகிறவளிடம் போய்க் கேட்கிறார் மனுஷன். சரி என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். அதில் 'கடும் உழைப்பாளி', 'எளிமையானவர்' எல்லாம் வரும். அந்தப் பக்கத்தில் எழுத முடியாததை இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்த எளிமை. செம்மொழி எளிமையானவள் கிடையவே கிடையாது. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஸ்கூட்டியில் வருவாள். தெருமுனையில் திரும்பும்போதே சிரிப்பு கேட்கும். தான் செய்த வேலையைத் தானே பார்த்து "நல்லாருக்குல்ல?" என்று கேட்டு, பதில் வருவதற்குள் தானே தலையாட்டிக்கொள்வாள். கொஞ்சமாக வேலை செய்து முடித்தேன் என்று பெருமையடிக்கும் ஆளை நான் அவளைத் தவிர வேறெங்கும் பார்த்ததில்லை.

ஆறாம் வகுப்பிலிருந்து அவளும் நானும் ஒரே பெஞ்சு. தமிழ்நாடு மேப் வரையச் சொன்னால் நான் ஆறுகளுக்கு நீலம், மலைகளுக்குப் பழுப்பு என்று கலர் பென்சில் டப்பாவையே காலி செய்வேன். அவள் ஒரே ஒரு கறுப்புப் பென்சிலால் வரைந்து, காவிரி எங்கே பிரிகிறது என்று மட்டும் அழுத்திக் காட்டுவாள். டீச்சர் அவள் மேப்பைத்தான் சுவரில் ஒட்டினார். அந்த டீச்சரை எனக்கு இன்றைக்கும் பிடிக்காது.

அவள் அப்பா செல்லதுரையும் அம்மா ராசம்மாளும் எங்கள் வயலில் நடவு, களை, அறுப்பு என்று எல்லா வேலையும் பார்த்தவர்கள். பிறகு செல்லதுரை சிங்கப்பூருக்குக் கட்டட வேலைக்குப் போனார். நாங்கள் பள்ளியில் படிக்கும்போதே திரும்பி வந்து எங்கள் வயலுக்குப் பின்னால், சில வயல்கள் தள்ளி, மூன்று மா நிலம் வாங்கினார். மூன்று மா என்றால் ஒரு ஏக்கர். ரோட்டிலிருந்து பாதை இல்லாத நிலம் என்பதால்தான் அவருக்கு விலை படிந்தது. இப்போது அவர் இல்லை. ராசம்மாள்தான் சாகுபடி செய்கிறார்.

எங்கள் வீட்டில் அவளைச் 'செல்லதுரை மவ' என்பார்கள். அவளோ வாசலில் நின்று "வானதி!" என்று என் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவாள். அம்மா முகம் சுளித்ததைக் கண்டும் அவள் அதை மாற்றிக்கொள்ளவில்லை. எனக்கு அது பிடித்துத்தான் இருந்தது. பொறாமை அதற்குப் பிறகு வந்தது.

இருவரும் கம்ப்யூட்டர்தான் படித்தோம். நான் சென்னைக்குப் போய் வங்கிகளுக்குச் சாஃப்ட்வேர் செய்யும் பெரிய கம்பெனியில் சேர்ந்தேன். அவள் தஞ்சாவூரில் ஜவுளிக்கடைக்கும் கிளினிக்குக்கும் பில் போடும் சாஃப்ட்வேர் செய்தாள். பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது அவளைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். நல்ல மூளை, இப்படிச் சில்லறை வேலையில் வீணாகிறதே என்று நினைப்பேன். அப்படி நினைப்பதில் ஒரு சுகம் இருந்தது.

போன வருஷம் சென்னைக் கம்பெனி ஆள் குறைத்தது. குறைத்ததில் நானும் ஒருத்தி. ஊரில் கேட்டவர்களிடம் வீட்டிலிருந்தே வேலை என்று சொல்லிவைத்தேன். உண்மை அப்பாவுக்கு மட்டும் தெரியும். அந்தச் சமயத்தில்தான் அறுவடை மெஷினுக்கு முன்பதிவு செய்ய ஒரு ஆப் வேண்டும் என்று ஜெக்கரியா சார் சொன்னார். தை பிறந்தால் மெஷின் கேட்டு வரும் போனிலேயே அவருக்குத் தொண்டை கட்டிவிடும். கம்பெனி நாலு மெஷின்களை வாடகைக்கு எடுத்து, உறுப்பினர்களுக்கு முறை வைத்து அனுப்பும். அந்த முறையை ஆப்பே பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார்.

எனக்கு உயிர் வந்தது. எங்கள் பக்கம் எதற்கும் ஆள் பெயர்தான். ரெங்கசாமி போர் என்றால் எங்கள் அப்பாவின் ஆழ்குழாய்க் கிணறு. கவர்மெண்ட் கட்டிய பாலத்துக்குக்கூடப் பக்கத்து வீட்டுக்காரர் பெயர்தான். என் ஆப்பை ஊர் 'வானதி ஆப்' என்று சொல்லும், என் வேலை போனதை யாரும் கேட்கமாட்டார்கள். எனக்கு வேண்டியிருந்தது அந்தப் பெயர் ஒன்றுதான்.

ஒரு ஆப்புக்கு நாம் பார்க்கிற பக்கம் ஒன்று, பார்க்காத பக்கம் ஒன்று. யார் உள்ளே வரலாம், யார் எதைப் பார்க்கலாம், விவரம் எங்கே போய்ச் சேர வேண்டும் என்பதையெல்லாம் அந்தப் பார்க்காத பக்கம்தான் கவனிக்கும். அதைப் பேக்கெண்ட் என்போம். சென்னையில் பழகிய மாதிரியே நான் அதைக் கட்டினேன். உள்ளே வருகிறவரைச் சரிபார்க்க ஒரு சர்வர், விவரத்துக்கு ஒன்று, வயல் படங்களுக்கு ஒன்று, எஸ்.எம்.எஸ். அனுப்ப ஒன்று. இவையெல்லாம் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள நடுவில் இன்னொன்று. ஆவணியில் ஆரம்பித்து ஐப்பசி முடியும்வரை அதே வேலை. கல்யாண மண்டபத்துச் சமையற்கட்டு மாதிரி இருந்தது, பார்க்கவே பெருமையாக இருந்தது.

ஆப்பைக் காட்டிய அன்று, பழைய உரக் கிடங்கில் இருக்கும் கம்பெனி ஆபீசில் இயக்குநர்கள் எல்லாரும் வந்து உட்கார்ந்திருந்தார்கள். ஓ.டி.பி. வரவேயில்லை. வந்தபோது அது காலாவதியாகிவிட்டது. பதிவு ஆகிவிட்டது என்று ஒரு திரை சொன்னது, யாரும் பதிவு செய்யவில்லை என்று இன்னொரு திரை சொன்னது. ஜெக்கரியா சார் பணிவாகத்தான் கேட்டார்.

"இது நின்னுபோச்சுன்னா யாரைக் கூப்பிடறதும்மா?"

"என்னைக் கூப்பிடுங்க சார்."

"நீங்க ஊர்ல இல்லைன்னா?"

நான் திரும்பவும் ஓ.டி.பி.யைத் தட்டிப் பார்த்தேன். அப்போதுதான் செம்மொழி உள்ளே வந்தாள். அவளையும் வரச்சொல்லியிருக்கிறார்கள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

ஆபீஸ் மூலையில் உர பில் அடிக்கும் பழைய கம்ப்யூட்டர் ஒன்று கிடந்தது. அதன் முன்னால் போய் உட்கார்ந்தாள். "ஒரே ஃபைல்தான் சார். யாரோ ஒரு புண்ணியவான் எழுதி இலவசமா விட்டிருக்கான். விவரம் வைக்கிறது, ஆளைச் சரிபாக்கறது, படம் வைக்கிறது எல்லாம் இதுக்குள்ளயே இருக்கு. ஓட விட்டாப் போதும்" என்றாள். ஓட விட்டாள். பிறகு விவசாயி, வயல், மெஷின், முறை என்று தலைப்புகளைப் போட்டாள். வயலுக்குக் கீழே 'முன் வயல்' என்று ஒரு கட்டத்தையும் சேர்த்தாள். அது எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. கேட்கவும் இல்லை. வீட்டில் செய்துவைத்திருந்த திரைகளை அதோடு இணைத்தாள். டீ வந்து எல்லாரும் குடித்து முடிப்பதற்குள் ஜெக்கரியா சார் தன் போனிலிருந்து ஒரு மெஷினைப் பதிவு செய்துவிட்டார்.

நான் விடவில்லை. "ஒரே நேரத்துல லட்சம் பேர் வந்தா இது தாங்குமா?" என்று கேட்டேன்.

"லட்சம் பேரா?" என்று என்னைத் திரும்பிப் பார்த்தாள். "மெஷினே நாலுதானே வானதி."

எல்லாரும் சிரித்தார்கள். கெட்ட எண்ணத்தில் சிரிக்கவில்லை, அது எனக்குத் தெரியும். ஆனாலும் வீட்டுக்கு வந்து என் லேப்டாப்பை மூடி பீரோவுக்கு மேலே வைத்தேன். கார்த்திகை முழுக்க அதை எடுக்கவில்லை. செம்மொழி மாதிரி யோசிக்க எனக்கு ஏன் வரவில்லை என்றுதான் முதலில் கேட்டுக்கொண்டேன். போகப்போக, அவளுக்கு ஏன் வந்தது என்று கேட்க ஆரம்பித்தேன். அந்த இரண்டாவது கேள்விதான் மனுஷியைத் தூங்கவிடாது.

அவள் வேலையில் ஓட்டை இல்லாமலா போகும் என்று தேடினேன். ஒன்று கிடைத்தது. மார்கழியில் ஆபீஸ் வாசலில் நடந்த கம்பெனிப் பொதுக்கூட்டத்தில் எழுந்து நின்று கேட்டேன். "பேக்கப் எங்க வச்சிருக்கே?"

"அதே கம்ப்யூட்டர்லதான்" என்றாள்.

"அந்தக் கம்ப்யூட்டரே கெட்டுப்போனா? மொத்தப் பதிவும் போச்சுல்ல?"

கூட்டம் அமைதியாகிவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த அமைதி எனக்குத் தேனாக இனித்தது. செம்மொழி கொஞ்சம் யோசித்தாள். "ஆமால்ல, அதை நான் பாக்கலை" என்றாள். உடனே போய் அந்தக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தாள். வடை வருவதற்குள், தினமும் ஒரு நகல் வெளியே வேறொரு இடத்துக்குப் போகிற மாதிரி செய்துவிட்டு வந்தாள். மைக்கை வாங்கி, "வானதிக்கு ஒரு தேங்க்ஸ் சொல்லிக்கிறேன்" என்றாள். எல்லாரும் கைதட்டினார்கள். எனக்கு அந்த வடை இறங்கவில்லை. எதிரி என்றால் கொஞ்சமாவது கோபப்பட வேண்டாமா?

தை வந்தது. சம்பா கதிர் முற்றித் தலை சாய்ந்தது. அப்பா ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே மெல்லப் பேச்செடுத்தார்.

"எல்லாரும் அந்தச் செம்மொழி ஆப்புலதான் போடறாங்களாம். நாமளும் போட்ருவமா?"

ஊர் பெயர் வைத்துவிட்டது. எனக்கு வரவேண்டிய பெயர். "வேணாம்ப்பா, ஏஜெண்டுகிட்ட சொல்லி வெளி மெஷின் வரவழைச்சுக்கலாம்" என்றேன்.

"ஒனக்கு எது சரியோ அதைச் செய்யிம்மா" என்று கையைக் கழுவினார். என் வேலை போனதிலிருந்து அப்பா என்னிடம் எதற்கும் எதிர்த்துப் பேசுவதில்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

ஏஜெண்ட் நாளைக்கு வரும் என்றார். மறுநாளும் நாளைக்கு என்றார். ஈர வயலிலும் இறங்கும் பெல்ட் மெஷின் திருவாரூர்ப் பக்கம் சேற்றில் நிற்கிறது என்றார். நடுவில் ஜெக்கரியா சாரிடமிருந்து போன் வந்தது. ஆப் எப்படி ஓடுகிறது என்று புகழத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்து நான் எடுக்கவில்லை. கடலில் காற்றழுத்தத் தாழ்வு, டெல்டாவில் மழைக்கு வாய்ப்பு என்று டிவியில் சொன்னார்கள்.

அடுத்த நாள் வெயில் ஏறிய பிறகு ராசம்மாள் வீட்டுக்கு வந்தார். தலைத்துண்டோடு கேட்டருகே நின்றவரை அப்பா உள்ளே கூப்பிட்டு நாற்காலியைக் காட்டினார். அவர் நாற்காலி விளிம்பில் உட்கார்ந்தார்.

"பாப்பா, ஒங்க மெஷினு என்னைக்கு வருது?"

"சொல்லியிருக்கோம். வந்துரும்."

"வரட்டும். ஆனா ஒங்க வயலு அறுத்தாத்தானே பின்னால மெஷினு எறங்க முடியும்? ஒங்களுக்குப் பின்னால அத்தனை பேரும் ஒங்க வயலு வழியாத்தான் வரணும். எங்களுது சாஞ்சு தரையில கெடக்கு. மழ பேஞ்சா கதுருலயே மொளச்சிரும்."

எனக்குச் சுருக்கென்றது. "செம்மொழி சொல்லி அனுப்பிச்சாளா?" என்று கேட்டேன். அந்த நேரத்திலும் எனக்கு அதுதான் கேட்கத் தோன்றியது.

"அவளா? போவாதன்னுதான் சொன்னா. 'வானதிக்குத் தெரியாதா, அது போட்டுரும், நீ போயி கேக்காத'ன்னா. எனக்குத்தான் பொறுக்கல பாப்பா."

வானதிக்குத் தெரியாதா. வானதிக்குத் தெரியாது, அதுதான் உண்மை. ராசம்மாள் போன பிறகு அப்பாவின் போனை வாங்கி அவள் ஆப்பைத் திறந்தேன். ஓ.டி.பி. நம்பரைப் போட்ட கையோடு வந்தது, அதிலும் ஓர் எரிச்சல். எங்கள் வயல் அதில் இருந்தது. கம்பெனி உறுப்பினர்களின் வயலையெல்லாம் அவள் முன்னமே ஏற்றிவிட்டிருந்தாள். 'முன் வயல்: இல்லை, ரோட்டோரம்' என்று போட்டிருந்தது. அதற்குக் கீழே, எங்களுக்குப் பின்னால் இருப்பவர்களின் பெயர்கள் வரிசையாக. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே 'காத்திருக்கிறது' என்று சிவப்பில். கடைசிப் பெயர் ராசம்மாள். பதிவு செய்த தேதியைப் பார்த்தால் அவர்தான் எல்லாருக்கும் முதலில். ஜெக்கரியா சார் எதற்குக் கூப்பிட்டிருப்பார் என்று அப்போதுதான் புரிந்தது.

என் ஆப்பில் முதலில் பதிந்தவருக்கு முதலில் மெஷின் போகும். நியாயமாகத்தானே இருக்கிறது என்று நினைத்து எழுதியது. அந்த நியாயப்படி மெஷின் ராசம்மாளுக்காக வந்து, எங்கள் விளைந்த வயலுக்கு எதிரே ரோட்டில் நின்று, டிரைவர் திட்டிவிட்டுத் திரும்பிப் போயிருப்பார். லட்சம் பேர் வந்தால் தாங்குமா என்று கேட்ட எனக்கு, நடுவில் ஒரு வயல் இருந்தால் மெஷின் எப்படிப் போகும் என்று தோன்றவில்லை. ஏன் தோன்றும்? எங்கள் வயல் ரோட்டோரம். அறுப்புக்காக யாருக்குப் பின்னாலும் நாங்கள் காத்திருந்ததில்லை. அவள் வீடு ஒவ்வொரு தையிலும் எங்களுக்குப் பின்னால் காத்திருந்திருக்கிறது. அவளுக்கு ஏன் வந்தது என்ற என் கேள்விக்கு அந்தச் சிவப்பு எழுத்துதான் பதில். தெரிந்ததும் மனம் ஆறிவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். இன்னும் அதிகமாகத்தான் எரிந்தது.

அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என் தோளுக்கு மேலே படித்தார். "இத்தனை பேரா நம்ம பின்னாடி நிக்கிறாங்க?" என்றார். சின்ன வயதிலிருந்து அந்த வயலுக்குப் போய் வருகிற மனிதர் அவர்.

பொத்தானை அழுத்தினேன். எங்கள் பெயர் பச்சையானது. மறுநாள் காலையில் கம்பெனி மெஷின் எங்கள் வயலில் இறங்கியது. அது முடித்ததும் பின்னால், அதற்கும் பின்னால் என்று வரப்பு தாண்டிப் போய்க்கொண்டேயிருந்தது. ஒவ்வொரு வயல் முடியும்போதும் அடுத்தவர் பெயர் பச்சையாவதை நான் போனில் பார்த்துக்கொண்டிருந்தேன். சோறுகூட அந்தப் போனை வைத்துக்கொண்டுதான் சாப்பிட்டேன். ராசம்மாளின் நெல்லை டிராக்டரில் ஏற்றிப் படுதா போட்டுக் கட்டிய பிறகு மழை பிடித்தது. மழைகூடச் செம்மொழிக்காகக் காத்திருந்துதான் பெய்கிறது.

மழை விட்ட பிறகு செம்மொழி வந்தாள். தன் அம்மாவின் நெல்லைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. "திருவிடைமருதூர்ல ஒரு கம்பெனி இதே மாதிரி கேக்குது. கொஞ்ச நாளைக்கு நான் அங்கதான் இருக்கணும். இங்க இதை நீ பாத்துக்கறியா?" என்றாள்.

"நானா? ஊர்ல வேற ஆளே இல்லையா?"

"எல்லாரும் நல்லாருக்கு நல்லாருக்குன்னே சொல்றாங்க. அதை வச்சுகிட்டு நான் என்ன பண்றது? நான் செஞ்சதுல தப்பு இருக்கான்னு தேடறது நீ ஒருத்திதான்."

"நான் தேடறேன்னு யார் சொன்னா?"

"யார் சொல்லணும்? மீட்டிங்ல ஒன் மூஞ்சியைப் பாத்தேனே" என்று சிரித்தாள்.

எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தில் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டேன். "தப்பு இன்னொண்ணும் இருக்கு. பின்னால நிக்கறவங்களுக்குத்தான் சிவப்பு காட்டற. முன்னால இருக்கறவனுக்கு யாரு சொல்றது? அவன் ஆப்பைத் திறந்தாத்தானே தெரியும்? திறக்கவே இல்லைன்னா?"

அவள் சிரிப்பு நின்றது. "அது எனக்குத் தோணவே இல்லை" என்றாள். பிறகு எங்கள் வாசலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நாங்க நிக்கறது ஒங்களுக்குத் தெரியும்னுதான் நான் நெனைச்சுகிட்டு இருந்தேன் வானதி. சின்னப் புள்ளையிலேர்ந்து."

உள்ளே போய் பீரோவுக்கு மேலேயிருந்து லேப்டாப்பை எடுத்து வந்தேன். பின்னால் யாராவது பதிந்த உடனே முன் வயல்காரருக்கு ஒரு எஸ்.எம்.எஸ். போகும்படி அன்றைக்கே எழுதிச் சேர்த்தேன். அவள் ஒரே ஃபைலில் அது எவ்வளவு லேசாகப் போய் உட்கார்ந்தது என்பதைச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. அவள் திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "நல்லாருக்குல்ல?" என்று கேட்டுத் தானே தலையாட்டிக்கொண்டாள்.

இப்போது ஆபீஸ் போன் என்னிடம் இருக்கிறது. இதை எழுதும்போதுகூட இரண்டு தடவை அடித்துவிட்டது. எழுதிக் கொடுத்த பக்கத்தில் என் பெயரையும் ஒரு வரி சேர்க்கட்டுமா என்று ஜெக்கரியா சார் கேட்டார், வேண்டாம் என்றேன். சேர்த்தாலும் ஊர் மாற்றிச் சொல்லப்போவதில்லை. இதோ, திரும்ப அடிக்கிறது. யாரோ பெரியவர், காற்றில் கத்திப் பேசுகிறார்.

"ஹலோ, செம்மொழி ஆப்புங்களா?"

"செம்மொழி ஆப்புதாங்க" என்கிறேன். "சொல்லுங்க, ஒங்களுக்கு முன் வயலு யாரோடது?"